நாற்பதைத் தாண்டி கேபர் தூக்க வருபவர்களுக்கு

கில்ட் (ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் கட்டும் கம்பளி உடை) வாங்கும் வேலையை இப்போதே வைத்துக்கொள்ளாதீர்கள். கேபர் என்னும் நீண்ட மரத்தூணையும் கல், எடைக்குண்டுகளையும் எறியும் ஹைலேண்ட் கேம்ஸ் என்ற ஸ்காட்டிஷ் விளையாட்டு விழாவில், கில்ட் கட்டாமல் போட்டியில் இறங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் முதல் போட்டிக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் களத்தில் கேட்டால் கொடுக்காதவர்கள் குறைவு. முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல நோட்டுப் புத்தகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து மேக்ஸ்வில்லில் 1948-இல் தொடங்கிய கிளெங்கேரி ஹைலேண்ட் கேம்ஸுக்கு நான் போனது பைப் பேண்ட் (பேக்பைப் வாத்தியக் குழு) கேட்கத்தான். அங்கே வெள்ளைத் தாடியோடு ஒருவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஓர் இரும்புக் குண்டை வளையத்தில் பிடித்து இரண்டு சுற்று சுற்றி வீசினார். வீசிவிட்டு மூச்சு வாங்காமல் திரும்பி வந்து, பாதியில் விட்டிருந்த சாண்ட்விச்சைத் தொடர்ந்து சாப்பிட்டார். எனக்கு அப்போது 46. மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடும் காலம். அடுத்த வருடம் நானும் போட்டியில் இறங்கினேன், கடைசி இடம் பிடித்தேன். அதற்குப் பிறகான வருடங்களில் நானே செய்த தவறுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை எறியப் போகிறீர்கள்?

ஸ்காட்டிஷ் ஹெவி அத்லெட்டிக்ஸ் என்பது ஹைலேண்ட் கேம்ஸில் கனமான பொருட்களை எறியும் பகுதி. கல் எறிவதில் இரண்டு வகை உண்டு. ஓபன் ஸ்டோன் சுமார் 16 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல். நகர்ந்து வந்து தள்ளலாம். பிரேமர் ஸ்டோன் அதைவிடக் கனம். நின்ற இடத்திலிருந்துதான் தள்ள வேண்டும். அப்புறம் தூரத்துக்கு எறியும் எடைக்குண்டுகள்: 28 பவுண்டு ஒன்று, 56 பவுண்டு ஒன்று, இரண்டுக்கும் ஒரே கைதான். அதே 56 பவுண்டைத் தலைக்கு மேலே உள்ள கம்பியைத் தாண்டி வீசுவது தனிப் போட்டி. ஹேமர் 16, 22 பவுண்டுகளில் வரும். ஒலிம்பிக் ஹேமர் மாதிரி கம்பியும் சுழன்று ஓடுவதும் இதில் கிடையாது. விறைப்பான கைப்பிடி, பாதத்தை நகர்த்தக் கூடாது. வட அமெரிக்காவில் கவைக்கோலால் சாக்குமூட்டையைக் கம்பிக்கு மேலே தூக்கிப்போடும் ஷீஃப் டாஸும் உண்டு. கடைசியாக கேபர், மரத்தூண்.

56 பவுண்டு என்றால் 25.4 கிலோ. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஒரு கையில், அசையும் வளையத்தில், நீங்கள் சுழன்றுகொண்டிருக்கும்போது அது உங்களை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கை உணர்ந்த பிறகுதான் தெரியும். நல்லவேளையாக மாஸ்டர்ஸ் பிரிவு பொதுவாக 40 வயதில் தொடங்குகிறது. வட அமெரிக்காவில் பெரும்பாலான போட்டிகளில் அந்தப் பிரிவு ஆண்களுக்கு 56-க்குப் பதில் 42 பவுண்டு தருவார்கள். பெண்களுக்கு எடைகள் வேறு. வயது ஏற ஏற இன்னும் குறையும். போகிற போட்டியின் விதிகளை முன்கூட்டியே வாங்கிப் படித்து, பயிற்சி எடைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி மருத்துவரிடம்

சலிப்பூட்டும் பகுதி, ஆனால் தாண்டிப் போக வேண்டாம். நம்மவர்களுக்கு நீரிழிவும் இதயநோயும் மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வந்துவிடுகின்றன. கனமான எதையும் தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் அந்தச் சில விநாடிகளில் மிக உயரே போகும். கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தத்தோடு ஸ்குவாட் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) பார் பக்கம் போகாதீர்கள். நீரிழிவு இருந்தால் கண் பரிசோதனை முடித்துவிட்டு வாருங்கள். விழித்திரையில் புது இரத்தக்குழாய்கள் வளர்ந்திருப்பவர்களுக்கு முக்கி முக்கித் தூக்குவது ஆபத்து. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், ஒரு போட்டி நாள் ஆறு மணி நேரம் நீளும் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆலோசனை கேளுங்கள். குடலிறக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

“எடை தூக்கலாமா?” என்று மட்டும் கேட்டால் அவருடைய மனதில் ஐந்து கிலோ டம்பெல்தான் வரும். 60 கிலோ மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதும் ஒரு அனுபவம்.

வயது எதை எடுத்துக்கொள்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதிப் பயிற்சித் திட்டத்தைப் பாதி நீங்களே எழுதிவிடுவீர்கள். வயதாகும்போது பலம் குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்கும் முன்னால், அதைவிட வேகமாகக் குறைவது அந்தப் பலத்தைச் சட்டென்று வெளியே எடுக்கும் திறன். வேகமாகச் சுருங்கும் தசையிழைகள்தான் முதலில் மெலிகின்றன. எறிவதோ முழுக்க முழுக்க வேகத்தின் விளையாட்டு. இரண்டாவது, தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றாவது மாதத்தில் “எனக்கு இவ்வளவு பலமா!” என்று தோன்றும். தசைநாண் அந்தச் செய்தியை இன்னும் கேட்டிருக்காது. பெரும்பாலான காயங்கள் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. மூன்றாவது, களைப்பிலிருந்து மீளும் வேகம். இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு நாள் ஓய்வு போதும் என்கிற வேலைக்கு எனக்கு மூன்று நாள் தேவை.

ஆகவே ஜிம்மில் எவ்வளவு தூக்குகிறோம் என்பதை வைத்து நம்மை நாமே மதிப்பிடும் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். எனக்கு அது இரண்டாவது வருடம்தான் புத்திக்கு ஏறியது. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) 180 கிலோ தூக்கியே தீருவது என்று தூக்கினேன். மறுநாள் காலை குளிரில் எறியும் பயிற்சி. மூன்றாவது எறியில் இடது தொடையின் பின்பக்கம் யாரோ கல்லால் அடித்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஜூலை வரை வேடிக்கை பார்ப்பவனாகத்தான் களத்துக்குப் போனேன். அந்த 180 கிலோ என் எறிதூரத்தில் ஓர் அங்குலம்கூடச் சேர்க்கவில்லை.

ஜிம்மில் ஒரு வாரம்

குளிர்காலத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, வாரத்தில் மூன்று நாள் ஜிம். போட்டிக் காலத்தில் இரண்டே நாள். ஒவ்வொரு நாளும் முதல் பதினைந்து இருபது நிமிடம் உடலைச் சூடாக்க: வேகநடை, இடுப்பைத் திறக்கும் அசைவுகள், வெறும் பாரோடு சில முறை. இளைஞர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உடல் சூடானதும், களைப்பு வருவதற்கு முன்னாலேயே, வேகப் பயிற்சி. மூன்று நான்கு கிலோ மெடிசின் பந்தை இடுப்பிலிருந்து திருகிச் சுவரில் எறிவது, தலைக்குப் பின்னால் மேலே வீசுவது. செட்டுக்கு 4 எறி, மொத்தம் 5 செட், நடுவில் தாராளமாக ஓய்வு. பந்து சுவரில் மோதும் சத்தம் மங்கத் தொடங்கினால் அன்றைக்கு அது போதும். வாரத்தில் வேறு எதை விட்டாலும் இதை மட்டும் விடமாட்டேன்.

முதல் நாள்: ட்ரேப் பார் (நடுவில் நின்று தூக்கும் அறுகோணக் கம்பி) டெட்லிஃப்ட் 4 செட், செட்டுக்கு 4 முறை. நேர்பாரைவிட ட்ரேப் பார் இடுப்புக்குக் கருணை காட்டும். அடுத்து புஷ் பிரஸ் (பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது), அதுவும் 4-க்கு 4. கால் உந்தித் தர, கை முடித்து வைக்கும் அசைவு என்பதால் கல் எறிவதற்கு அதைப் போல வேறு இல்லை. பிறகு ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுப்பது) 3 செட், 8 முறை. கடைசியில் ஃபார்மர்ஸ் வாக்: இரண்டு கையிலும் எடையைப் பிடித்து 30 மீட்டர் நடை, 4 தடவை. பிடிபலம் இங்கிருந்துதான் வரும்.

இரண்டாம் நாள்: முன்பக்கம் பார் வைத்த ஸ்குவாட் 4 செட், 5 முறை. கெட்டில்பெல் ஸ்விங் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை இடுப்பு வேகத்தில் ஊசலாட்டுவது) 6 செட், 8 முறை, ஒவ்வொன்றும் வெடிப்பாக. தொடை உயரத்திலிருந்து பவர் கிளீன் (பாரை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவது) செய்யத் தெரிந்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டும் முழங்கையும் ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்விங்கே போதும். ஐம்பது வயதில் கிளீன் கற்றுக்கொள்ளச் செலவாகும் நேரத்தில் ஹேமர் கற்றுக்கொண்டுவிடலாம்.

மூன்றாம் நாளை ‘பழுதுபார்க்கும் நாள்’ என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரோமானியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது) லேசான எடையில் 3 செட், 8 முறை. குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி, இறங்குவதற்கு நான்கு விநாடி. பைசெப்ஸ் கர்ல், அதிலும் மெதுவாக இறக்குவது. கேபிளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திரும்ப விடாமல் நிற்பது. பார்க்க ஒன்றும் இருக்காது. என்னைக் களத்தில் வைத்திருப்பது இந்த நாள்தான்.

எடை எவ்வளவு? அன்றைய செட் முடிந்ததும் இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்று தோன்ற வேண்டும். அதிகபட்சத் திறனில் 70 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரே ஒரு முறை உச்ச எடை தூக்கிப் பார்ப்பது எங்கள் வயதில் தேவையற்ற சூதாட்டம். இரண்டு அல்லது மூன்று வாரம் உழைத்தால் ஒரு வாரம் பாதி வேலை. அந்த வாரத்தில் நன்றாக இருக்கிறதே என்று எடையை ஏற்றாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த வாரத்தால்தான்.

நோட்டுப் புத்தகம் இதற்குத்தான். எடை, செட் மட்டுமல்ல; முந்தின இரவு எவ்வளவு தூங்கினீர்கள், காலையில் எங்கே வலித்தது என்பதையும் எழுதுங்கள். முழங்கைக்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து ‘லேசான வலி’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருந்தால், அதைப் பார்க்காத மாதிரி நடிப்பது கஷ்டம்.

களத்தில்: முதலில் கால்

எறியும் பயிற்சி வாரத்துக்கு ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. ஒரு நாளில் மொத்தம் இருபத்தைந்து எறிக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு மாதம் பாதி எடையில். கடைசி இரண்டு எறிகள் மோசமாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். “ஒரு நல்ல எறியோடு முடிக்கலாம்” என்று நின்றவர்களைத்தான் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

தூர எடையில் சுழல்வதைக் கையில் எதுவும் இல்லாமல் தொடங்குங்கள். ஒன்பது அடி நீள இடத்துக்குள் இரண்டு சுற்று. முன்னால் ட்ரிக் எனப்படும் மரக்கட்டை இருக்கும்; அதற்கு மேல் கால் பட்டால் எறி செல்லாது. வீட்டு வாசலில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்துச் சுழன்றுதான் நான் கற்றேன். தண்ணீர் சிந்தாவிட்டால் சுற்று சீராக இருக்கிறது என்று அர்த்தம்.

ஹேமரில் முதுகைக் களத்துக்குக் காட்டி நின்று, தலையைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுழற்றி, தோளுக்கு மேல் விடுவோம். கைகளால் இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். ஹேமர் ஒரு பக்கம் போகும்போது இடுப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்ய வேண்டும். கைகள் வெறும் கயிறு. அனுபவசாலிகள் முன்பக்கம் இரும்புத் தகடு நீட்டிய பூட்ஸ் போட்டு அதைத் தரையில் குத்தி நிற்பார்கள். முதல் வருடத்துக்குச் சாதாரண ஆணிக் காலணி போதும். தகடு இருந்தால் கால் நகராது, கால் நகராவிட்டால் அந்தத் திருகல் முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும்.

யார் எறிந்தாலும் அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்காதீர்கள். பெரும்பாலான களங்களில் வலைக்கூண்டு இருக்காது. கம்பிக்கு மேல் வீசும் எடை போன வழியிலேயே கீழே வரும். விட்டவுடன் கம்பியிலிருந்து விலகி ஓர் அடி முன்னே நகர்ந்து, கண் அதன் மேலேயே இருக்க வேண்டும்.

கேபர்

இதற்கு அளவு விதி கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மரம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஸ்காட்லாந்தில் நடக்கும் பிரேமர் விழாவின் கேபர் 19 அடி 9 அங்குல நீளம், 132 பவுண்டு. ஏறத்தாழ 60 கிலோ. நீங்கள் பன்னிரண்டு அடி மரத்தில் தொடங்குங்கள்.

மரத்தை இருவர் நிமிர்த்திப் பிடித்து உங்கள் தோளில் சாய்ப்பார்கள். விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேட்டால் மரத்தை இறுக்கியபடி கீழே உட்காருங்கள். மரத்தை ஒரு குலுக்கில் சற்றே மேலே நழுவவிட்டு, அது தரையைவிட்டு எழும் அந்த நொடியில் இரு கைகளையும் அடியில் செருக வேண்டும். பிறகு எழுந்து நில்லுங்கள். மரத்தின் உச்சி வானத்தில் வட்டம் போடும். கழுத்தும் தோளும்தான் அதை நிலைநிறுத்த வேண்டும். மெதுவாக ஓட்டம், சட்டென்று நிற்றல், உச்சி முன்னால் சாயும்போது அடியை மேலே இழுத்தல். மேல்நுனி தரையில் பட்டு, நீங்கள் பிடித்திருந்த முனை அதைத் தாண்டிப் புரண்டு, உங்களுக்கு நேர் எதிரே விழ வேண்டும். தூரம் கணக்கில்லை. கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு விழுந்தால் முழு வெற்றி. பதினொன்றோ ஒன்றோ என்றால் அதற்கேற்பக் குறையும்.

கேபரில் பைசெப்ஸ் தசைநாண் முழங்கை அருகே அறுந்துபோவதைக் கேள்விப்படுவீர்கள். உள்ளங்கை மேலே பார்த்து, முழங்கை மடங்கி, கையாலேயே தூக்க முயலும் நிலையில் மரம் திடீரென்று சாய்ந்தால் முழுப் பாரமும் அந்தச் சின்ன நாணில் விழுகிறது. கை வெறும் கொக்கி. தூக்குவது கால். மரம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தள்ளிவிட்டு, அது சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகருங்கள். மரம் விழுவது அவமானமில்லை.

நம் தென்மாவட்டங்களில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்காட்லாந்து அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் ஆண்மைக்கல் என்றே பொருள்படும் பெயரில் ஊர்க்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பலசாலி டொனால்ட் டின்னி 1860-இல் சுமந்ததாகச் சொல்லும் இரண்டு கற்கள், சேர்ந்தால் சுமார் 332 கிலோ, அபர்டீன்ஷயரில் பொட்டார்க் பாலத்தருகே இன்னும் இருக்கின்றன. அதைத் தொட்டுப் பார்க்கலாம். தூக்க முயல்வதைப் பற்றி இந்த வழிகாட்டியில் ஒன்றும் எழுதுவதாக இல்லை.

சாப்பாடு, தூக்கம்

வயதான தசைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 80 கிலோ ஆளுக்கு 96 முதல் 128 கிராம் வரும். நான்கு இட்லி, சாம்பாரில் அது வராது. காலையில் இரண்டு மூன்று முட்டை, மதியம் மீனோ கோழியோ, மாலையில் சுண்டல், இரவில் தயிர் என்று ஒவ்வொரு வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். கிரியாட்டின் (தசைக்கு உதவும் துணைச் சத்துப் பொடி) நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் எடையைக் குறையுங்கள்.

போட்டி நாள்

பத்து நாள் முன்னாடியே கனமான ஜிம் வேலையை நிறுத்திவிடுங்கள். மடக்கு நாற்காலி, மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, வாழைப்பழம், தயிர்சாதம், தண்ணீர், டேப், சுண்ணப்பொடி. ஒவ்வொரு போட்டிக்கும் பொதுவாக மூன்று எறிகள். சிறந்தது கணக்கில் வரும். கம்பிக்கு மேல் வீசுவதில் ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. முதல் எறியைப் பத்திரமாகப் போட்டு ஓர் அளவை எழுத வையுங்கள்.

களைப்பைவிடக் காத்திருப்புதான் ஆளைக் கெடுக்கும். உங்கள் முறைக்கு முன் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் உடல் ஆறிவிடும். இரண்டு பேர் முன்னால் இருக்கும்போதே எழுந்து நடங்கள். இளைஞர்கள் எறிவதைப் பார்த்து ஏழாவது நிகழ்ச்சியில் வேகம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் கேபர் கடைசியில் வரும், கைகள் அப்போதும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, சும்மா நடங்கள். திங்களன்று படியில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும், வீட்டில் சிரிப்பார்கள். புதன்கிழமை நோட்டை எடுத்து, எந்த எறியில் கால் எங்கே இருந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதிவிட்டு, இரவல் வாங்கிய கில்டைத் துவைக்கக் கொடுங்கள். கம்பளி, இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள்.